குடத்துக்குள் யார் பெயர்? உத்திரமேரூர்க் கல்வெட்டும் நடுநிலையும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

திருக்குறளின் இல்லறவியலில் நடுவு நிலைமை 12ஆம் அதிகாரமாக நிற்கிறது. அதற்கு முந்தியது செய்ந்நன்றி அறிதல். இந்த வைப்புமுறைக்குப் பரிமேலழகர் கூறும் காரணம் கூர்மையானது. உதவி செய்தவரை நினைக்கும்போது நடுநிலை குலையக்கூடும். அங்கேயும் குலையக்கூடாது என்று காட்டவே நன்றிக்குப் பின்னால் அது வைக்கப்பட்டது என்கிறார் அவர். பகையும் பேராசையும் ஒருவனைச் சாய்க்கும் என்பது யாவரும் அறிந்தது. நன்றியும் பாசமும் ஊர்ப்பற்றும்கூடச் சாய்க்கும் என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கெட்டவன் ஓரவஞ்சனை செய்தால் ஊர் கண்டுகொள்ளும். நல்லவன் நன்றிக்கடனுக்காகச் செய்யும் ஓரவஞ்சனையோ புண்ணியத்தின் தோற்றத்தோடு நடமாடும்.

அப்படியானால் நன்றியும் உறவும் அச்சமும் உள்ள மனிதனிடம் நடுநிலையை எப்படி எதிர்பார்ப்பது? இதற்கு நம் மரபில் இரண்டு விடைகள் உண்டு. மனத்தைப் பண்படுத்து என்பது ஒன்று. அற நூல்களும் காப்பியங்களும் பெரும்பாலும் அந்த வழியில் சென்றன. மனம் சாய்ந்தாலும் முடிவு சாயாதபடி ஏற்பாட்டைச் செய் என்பது மற்றொன்று. இதைக் கல்வெட்டுகளிலும் சட்டங்களிலும் வழக்குத் தீர்ப்புகளிலும் தேட வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை இரண்டாவது விடையை ஆராய்கிறது. அதற்குத் தமிழ் நிலத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று உத்திரமேரூரின் குடவோலை முறை. அந்தச் சான்றே இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. அதைக் கேட்காமல் கல்வெட்டைப் புகழ்வது அரைகுறை வாசிப்பு என்பது என் கருத்து.

2. கல்வெட்டு கூறும் முறை

2.1 இரண்டு ஆண்டுகள், இரண்டு விதிகள்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது கி.பி. 919ஆம் ஆண்டுக்கும், 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது 921ஆம் ஆண்டுக்கும் உரியவை. வெ. வெங்கையா இந்திய தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் இவற்றை விரிவாக எழுதிய பிறகே உலகம் இவற்றை அறிந்தது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சி பற்றிய ஆய்வு நூலில் இவற்றை மீண்டும் ஆராய்ந்தார். அதன் பின் பள்ளிப் பாடம் வரை இவை வந்துவிட்டன. ஆனால் பாடநூல்கள் தகுதிப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. நடுநிலையை ஆராய்பவனுக்குத் தகுதிப் பட்டியலைவிட ஓலை எடுக்கும் விதம் முக்கியமானது.

முதலில் தகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்ற பிரிவு. 921ஆம் ஆண்டு விதிப்படி, ஊர்க் காரியங்களைக் கவனித்த குழுவான வாரியத்துக்கு வர விரும்புபவன் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் உடையவனாக இருக்க வேண்டும்; தன் மனையில் தானே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்; 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும்; வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியாகக் குறைந்தாலும், ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் வல்லவனாயின் அவன் பெயரும் குடத்துக்குள் போகலாம். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவன் மறுபடி வரக்கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவனும் கள்ள ஓலை எழுதியவனும் விலக்கப்பட்டவர்கள்.

919ஆம் ஆண்டு விதியில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. பணி முடித்து இறங்கியவர்களுக்கு நெருங்கிய உறவினர் வரக்கூடாது என்று அதில் பொதுவாகச் சொல்லப்பட்டது. யார் நெருங்கிய உறவு என்று அது விளக்கவில்லை. இரண்டே ஆண்டில் சபை மறுபடி கூடி, அரசனின் அதிகாரி உடனிருக்க, விதியைத் திருத்தி எழுதியது. புதிய விதியில் உறவு பெயர் பெயராகப் பட்டியலிடப்பட்டது. பொதுச் சொல்லால் எழுதிய விதியை ஆளுக்கு ஆள் வளைக்க முடிந்தது போலும். அந்த அனுபவம்தான் திருத்தத்தைக் கொண்டுவந்திருக்கும் என்பது என் ஊகம். நல்லவர்கள் இருந்தால் போதும் என்று நம்பிய சபையாக இருந்திருந்தால் இந்தத் திருத்தத்துக்கு வேலையே இருந்திராது.

2.2 ஓலை எடுக்கும் விதம்

தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் ஒரு கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்பதற்கு வாயோலை பூட்டி, 30 கட்டுகளையும் ஒரு குடத்தில் இடுவார்கள். இளையோரும் முதியோருமாக மகாசபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் எல்லோரும், ஒருவரும் விடுபடாமல், சபை நடுவே இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கியபின், அதிலிருந்து ஓர் ஓலையை அதே சிறுவன் எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். பின் அவன் வாசிக்க வேண்டும். அவன் வாசித்த அதே ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் எழுதப்படும். இப்படியே குடும்புக்கு ஒருவராக 30 பெயர்கள் வரும். அவர்களிலிருந்து சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் அமர்வார்கள். பணிக்காலம் 360 நாள்.

இதில் எந்த இடத்திலும் ஒருவர் மற்றவரை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுக்கும் சிறுவனுக்கு எதுவும் தெரியாது. அவனுக்கு நன்றியும் இல்லை, பகையும் இல்லை. குடத்தை ஏந்தும் மூத்தவர் அனைவர் கண்ணுக்கும் தெரிகிறார். வாங்கும் மத்தியஸ்தனின் விரல்கள் விரிந்தே இருக்க வேண்டும் என்ற விதி, விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து மாற்றும் தந்திரத்தை முன்கூட்டியே அடைக்கிறது. வேறு பெயரை வாய்மாற்றி வாசிக்கவும் முடியாது, ஏனெனில் அதே ஓலையைப் பலர் வாசிக்கிறார்கள். நடுவனின் மனம் எப்படிப்பட்டது என்று கல்வெட்டு விசாரிக்கவே இல்லை. அவன் கை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அறவுரை எழுதாமல் கைவிரலைப் பற்றி எழுதிய அந்தச் சபையின் அறிவு என்னை வியக்க வைக்கிறது.

2.3 கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும்

921ஆம் ஆண்டு விதியின் மிகக் கடுமையான பகுதி கணக்கைப் பற்றியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனோடு அவனுடைய தாயின் அக்காள் தங்கை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடும் தகப்பனோடும் உடன்பிறந்தவர்கள், தன் உடன்பிறந்தவன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று எல்லோர் பெயரும் விலக்கப்படும்.

குற்றம் செய்யாத அத்தை மகனுக்கு இது அநீதி இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவன் தனிப்பட்ட முறையில் இழப்பது ஓராண்டுப் பணிக்கான வாய்ப்பு. ஊர் இழக்கக்கூடியதோ ஏரியின் கணக்கு. கணக்குக் காட்டாதவனின் மாமனார் அடுத்த ஆண்டு வாரியத்தில் அமர்ந்தால், பழைய கணக்கைக் கேட்கும் வாய் அடைபட்டுப்போகும். உறவு விலக்கைத் தண்டனையாகப் படித்தால் அது கொடுமை. பாதுகாப்பாகப் படித்தால் பொருந்துகிறது. என்றாலும் இதை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உறவினர் என்பதற்காகவே ஒருவரை எல்லாப் பணியிலிருந்தும் விலக்குவது மிகை. எந்த முடிவில் உறவு குறுக்கிடுகிறதோ அந்த முடிவிலிருந்து விலக்குவதுதான் சரியான எல்லை. இந்த எல்லையைக் கண்டுபிடிக்க நீதிமன்றங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

3. தன் வழக்கில் தானே நடுவனாகாமை

இங்கிலாந்தில் 1852இல் டைம்ஸ் என்பவருக்கும் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க் கம்பெனிக்கும் நடந்த வழக்கு சட்ட மாணவர்களுக்கு நன்கு தெரிந்தது. கம்பெனிக்குச் சாதகமான ஆணைகளை உறுதிசெய்த லார்டு சான்சலர் காட்டன்ஹாம் அதே கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். பிரபுக்கள் சபை அவருடைய தீர்ப்பை நீக்கியது. அந்தப் பங்கு அவர் மனத்தை இம்மியும் அசைத்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டே நீக்கியது. அவர் நேர்மை கேள்விக்கு உள்ளாகவில்லை. அவர் அமர்ந்த இடம்தான் கேள்விக்கு உள்ளானது. 1924இல் சசெக்ஸ் நடுவர்கள் வழக்கில் தலைமை நீதிபதி லார்டு ஹீவர்ட் இதையே மேலும் நீட்டி, நீதி வழங்கப்படுவதோடு அது வழங்கப்படுவது ஐயமின்றிக் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்ற கருத்தை நிலைநாட்டினார். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கச் சொன்ன உத்திரமேரூர்ச் சபைக்கு இந்தக் கருத்து புதிதாக இருந்திருக்காது.

இந்தியாவில் இதற்கு இணையான வழக்கு கிரைபக் வழக்கு. இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீரிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுவில் அமர்ந்திருந்த பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலரே அந்தப் பணிக்கு விண்ணப்பித்தவரும் ஆவார். தன் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் தன்னோடு போட்டியிட்டவர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தகுதி வரிசையைத் தயாரிப்பதிலும் பங்கேற்றார். உச்ச நீதிமன்றம் 1969இல் அந்தத் தேர்வை ரத்து செய்தது. இது நீதி விசாரணை அன்று, வெறும் நிர்வாகப் பணி என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. இயற்கை நீதியின் நெறிகள் நிர்வாக அலுவலகத்துக்கும் பொருந்தும் என்று இந்தத் தீர்ப்புக்குப் பிறகு உறுதிப்பட்டது. எனக்கு இதில் படிப்பினையாகத் தோன்றுவது அந்த அதிகாரி எழுந்து போன சில நிமிடங்கள். நம் அலுவலகங்களில் பலரும் நடுநிலை என்று கருதுவது அந்த அளவைத்தான்: தன் பெயர் வரும்போது மட்டும் வெளியே நின்றுவிட்டால் போதும் என்ற எண்ணம். போட்டியாளர் பெயர் வரும்போது உள்ளே இருப்பதும் தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்வதுதான்.

1985இல் ஹரியானா அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொடர்பான அசோக் குமார் யாதவ் வழக்கில் இந்த எல்லை இன்னும் துல்லியமாக வரையப்பட்டது. அரசியலமைப்பால் அமைந்த தேர்வாணையத்தில் ஓர் உறுப்பினரின் உறவினர் தேர்வெழுதினால், அந்த உறுப்பினர் முழுத் தேர்விலிருந்தும் விலக வேண்டியதில்லை. அந்த உறவினரின் நேர்காணலில் கலந்துகொள்ளாமலும் அவர் மதிப்பெண் பற்றிய பேச்சில் பங்கேற்காமலும் இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். ஏற்கெனவே உள்ள நிலையான அமைப்பு என்பதால் இந்தத் தளர்வு. இதோடு அந்தத் தீர்ப்பு நின்றிருந்தால் நமக்கு அதிகப் பயன் இல்லை. நேர்காணலுக்கு ஒதுக்கிய மதிப்பெண் அளவையும் அது எடைபோட்டது. பொதுப் பிரிவினருக்கு எழுத்துத் தேர்வு 700, நேர்காணல் 200, மொத்தத்தில் 22.2 சதவீதம். முன்னாள் படைவீரர்களுக்கு 33.3 சதவீதம். இவ்வளவு இடம் கொடுத்தால் வேண்டியவரை மேலே தூக்கவும் வேண்டாதவரைக் கீழே தள்ளவும் கதவு திறந்துவிடும் என்று கண்டு, பொதுப் பிரிவினருக்கு 12.2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது.

இந்த எண்ணில்தான் ஆராய்ச்சிக்கு உரிய சாரம் இருக்கிறது. நேர்காணல் நடத்துபவர் நேர்மையானவரா என்று கண்டறிய எந்தக் கருவியும் இல்லை. அவர் கையில் எத்தனை மதிப்பெண் இருக்கிறது என்பதை மட்டும் குறைக்க முடியும். பல்கலைக்கழகத் தேர்வுகளில் விடைத்தாளின் பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர் போடுவதும் இதே எண்ணத்தில் பிறந்தது. திருத்துபவருக்குப் பெயர் தெரியாது; எனவே பெயரிலிருந்து சாதியையோ ஊரையோ கல்லூரியையோ ஊகிக்க வழியில்லை. குடத்தில் கைவிட்ட சிறுவனின் அறியாமையை நாம் இப்போது எண்களால் செய்துகொள்கிறோம்.

4. இரண்டு மன்னர்கள்

நடுநிலை என்றதும் தமிழர் நினைவுக்கு வருவோர் மனுநீதிச் சோழனும் பாண்டியன் நெடுஞ்செழியனும். இருவரையும் மனத்தின் பெருமைக்குச் சான்றாகவே சொல்லி வந்திருக்கிறோம். முறைமையின் கண்ணால் பார்த்தால் அவர்கள் கதை வேறு விதமாகத் தெரிகிறது.

பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். முதலில் அந்த வேலையை ஏற்ற அமைச்சர் செய்ய மனமின்றித் தன் உயிரை விட்டார். பிறகு அரசனே தேரை ஓட்டினான். திருவாரூரில் இன்றும் கல்தேர் நிற்கிறது. உறவு நீதியைத் தடுக்கக்கூடாது என்ற எல்லைக் கோட்டை அந்தக் கதை ஆழமாகக் கிழித்தது; அதில் ஐயமில்லை. ஆனால் எல்லா ஊரிலும் எல்லா ஆண்டிலும் அப்படி ஒரு மன்னன் கிடைப்பான் என்று எதிர்பார்த்து ஆட்சி நடத்த முடியாது. ஓர் அதிகாரி நேர்மையாக நடக்கத் தன் மகனைப் பலி கொடுக்க வேண்டும் என்றால், அங்கே ஏற்பாடு தோற்றுவிட்டது என்று பொருள். மகன் சம்பந்தப்பட்ட வழக்கைத் தகப்பன் விசாரிக்கவே கூடாது என்பதுதான் பிற்காலச் சட்டம் கண்ட வழி.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ கோவலன் மீது பகை கொண்டவன் அல்லன். பொற்கொல்லனிடம் அவனுக்கு நன்றிக்கடனும் இல்லை. அவன் மனம் தீயதாக இருந்ததற்குக் காப்பியம் சான்று தரவில்லை. அவன் செய்தது ஒன்றுதான்: ஒரு பக்கத்தை மட்டும் கேட்டான். ஊடிய தேவியைத் தேடிப் போகும் அவசரத்தில், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொல்லிவிட்டான். கண்ணகி அரசவையில் வந்து சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. கோப்பெருந்தேவியின் சிலம்பிலோ முத்து. அந்த எளிய சோதனையை ஒரு நாள் முன்னால் செய்திருந்தால் ஒரு மனிதன் பிழைத்திருப்பான், மதுரையும் எரிந்திருக்காது. குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சொல்ல இடம் கொடுக்காமல் எடுத்த முடிவு, எடுத்தவன் எவ்வளவு நல்லவனாயினும், நடுநிலை தவறியதுதான். தவறு தெரிந்ததும் அந்த மன்னன் உயிர் துறந்ததை நாம் கொண்டாடுகிறோம். அது அவன் பெருமையைக் காட்டுகிறது. கோவலனுக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை.

5. குடத்துக்கு வெளியே நின்றவர்கள்

இனி, முதலில் சொன்ன மற்றக் கேள்வி. ஓலை நேர்மையாக எடுக்கப்பட்டது, சரி. குடத்துக்குள் யார் பெயர் இருந்தது?

உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்க்கு உரிய ஊர். அதன் சபையில் இடம் பெற்றவர்கள் நிலமுடைய, வேதம் கற்ற ஆண்கள். அந்த நிலத்தை உழுதவர்கள், ஏரியில் சேறு எடுத்தவர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் ஓலை எதிலும் எழுதப்படவில்லை. பெண்கள் எழுதப்படவில்லை. ஏரி வாரியம் 6 பேரை எவ்வளவு நியாயமாகத் தேர்ந்தாலும், அந்த ஏரித் தண்ணீரை நம்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தேர்வில் குரல் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் உலகின் பிற பகுதிகளிலும் நிலைமை இதுதான் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது உண்மைதான். இந்தக் கல்வெட்டை மக்களாட்சிக்கு முன்னோடி என்று மேடைதோறும் பேசுபவர்கள் மட்டும் இந்த விலக்கையும் அதே மேடையில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வட்டத்துக்குள் மிகத் துல்லியமான நடுநிலை, வட்டத்துக்கு வெளியே முழுமையான புறக்கணிப்பு: இந்த இரண்டும் ஒரே சுவரில் ஒன்றாக இருக்க முடியும் என்பதே உத்திரமேரூர் தரும் கசப்பான பாடம். சென்னை மாகாணத்தின் நவீன வரலாறு ஏறக்குறைய முழுவதும் இந்த வட்டத்தைப் பெரிதாக்கும் போராட்டம்தான். நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் முதல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. 1928இல் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அது அரசுப் பணிகளில் நடைமுறைக்கு வந்தது. 12 பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அந்த ஒன்றைப் பார்க்கும்போது இன்றும் மனம் கூசுகிறது. ஆயினும் முன்பு அந்த ஒன்றுக்கும் உறுதி இல்லை.

குடியரசு ஆன பிறகு, கல்லூரி இடங்களை 14 பங்காக வகுத்த ஆணை செண்பகம் துரைராசன் வழக்கில் கேள்விக்குள்ளானது. சென்னை உயர் நீதிமன்றம் 1950இலும் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் அதைச் செல்லாது என்றன. மதம், இனம், சாதி காரணமாக மட்டும் ஒருவருக்குக் கல்லூரியில் இடம் மறுக்கக்கூடாது என்ற பிரிவை நீதிபதிகள் நேர் பொருளில் படித்தார்கள். குடத்திலிருந்து ஓலை எடுக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் தீர்ப்பில் தர்க்கம் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசலில் நிறுத்தப்பட்டவனையும், ஏட்டோடு பிறந்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது நடுநிலை ஆகாது. பெரியாரும் பிறரும் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு 1951 ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது; 15ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு சேர்ந்தது. பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்வது சமத்துவத்துக்கு முரண் இல்லை என்று அது வெளிப்படையாகச் சொன்னது. அந்தத் திருத்தத்தை நடுநிலையிலிருந்து விலகல் என்று இன்றும் சிலர் கூறுகிறார்கள். நான் அதை நடுநிலையின் முதற்படி என்று கருதுகிறேன்.

சட்டம் வட்டத்தைப் பெரிதாக்கிவிட்டால் ஊர் ஏற்றுக்கொண்டுவிடும் என்பதும் இல்லை. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தின்படி 1996இல் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது சில ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் ஏறத்தாழ பத்தாண்டுகள் தலைவர் நிலைத்துப் பணியாற்ற முடியவில்லை. 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அதே மதுரை மாவட்டத்து மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குடத்துக்குள் ஒரு பெயர் சேர்வதற்கு இந்த மண்ணில் கொடுத்த விலை அது. நடுநிலை பற்றி எழுதும் எவரும் மேலவளவை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது.

6. வேறுபாடு எப்போது நியாயம்?

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது நடுநிலை அன்று என்றால், வேறு மாதிரி நடத்துவது எப்போது நியாயம், எப்போது ஓரவஞ்சனை? நியாயவிலைக் கடையில் அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. மற்ற அட்டைகளுக்குக் கணக்கு வேறு. வரிசையில் பின்னால் நிற்பவர் இதைப் பாரபட்சம் என்று சொல்வதில்லை, ஏனெனில் காரணம் தெரியும், விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. அதே கடையில் தெரிந்தவருக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டு எடை போட்டால் அரைக் கிலோ வேறுபாடும் அநியாயம்.

உச்ச நீதிமன்றம் 1952இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் இதற்கு இரண்டு அளவைகளைக் கொடுத்தது: பிரிக்கும் அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும், அந்த அடையாளத்துக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். 1973இல் முடிவான, தமிழ்நாட்டு ஐஏஎஸ் அதிகாரி ராயப்பாவின் வழக்கு இன்னோர் அடி முன்னே சென்றது. தலைமைச் செயலாளர் பதவியிலிருந்து மாற்றப்பட்டதை எதிர்த்த அவர் வழக்கில் தோற்றார். ஆனால் தன்னிச்சையாகச் செயல்படுவதே சமத்துவத்துக்குப் பகை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் பிறந்து நிலைத்தது. வேறுபடுத்துவது குற்றமன்று, காரணம் சொல்லாமல், முன்கூட்டி அறிவிக்காமல், விருப்பம்போல் வேறுபடுத்துவதே குற்றம்.

குலுக்கலையும் இந்த அளவையில்தான் நிறுத்த வேண்டும். தேவையில் ஏற்றத்தாழ்வு உள்ளவர்களிடையே சீட்டுக் குலுக்குவது அநீதி. மருத்துவமனைப் படுக்கையையோ வெள்ள நிவாரணத்தையோ குலுக்கலில் கொடுத்தால் அது கொடுமை. தேவையிலும் தகுதியிலும் சமமானவர்கள் இடங்களைவிட அதிகமாக இருக்கும்போது மட்டுமே குலுக்கலுக்கு இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009 இதைச் சரியாகச் செய்தது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கும் என்று முதலில் வட்டத்தைத் திருத்தியது. விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சினால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். குழந்தைக்குத் தேர்வு வைக்கவும் பெற்றோரை நேர்காணல் செய்யவும் தடை. சபை கூடியிருக்க, அனைவரும் காண ஓலை எடுத்த முறை இங்கே உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படுகிறது. உத்திரமேரூர்க் குடத்தில் இடம் பெறாத வீட்டுப் பிள்ளை அது.

7. வாசகருக்கு

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும்; நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் அங்கே ஒப்புதல் பெற வேண்டும். பல ஊர்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் சேர்கிறது. உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். பயனாளிகள் பட்டியலைப் பெயர் பெயராக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். காலனியிலிருந்து எத்தனை பெயர் அதில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டுக் கணக்கை முடிக்காதவரின் கைக்கு இந்த ஆண்டுப் பணம் போகிறதா என்று எழுந்து கேளுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு வேதமும் தேவையில்லை, கால் வேலி நிலமும் தேவையில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.